கிடுகுக் குடிலில் பாலன் பிறக்கட்டும்

மார்கழி மாதம் மட்டக்களப்பு மக்களுக்கு மழையின் மாதம். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டு வரும். வாவி நிறைந்து தாழ்நிலங்களைத் தொடும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் தோணிகள் கரையேற்றப்பட்டிருக்கும். படுவான்கரையில் மாரிப்போக வேளாண்மை பச்சைப்பசேலென நிற்கும். எனினும் அறுவடைக்கு இன்னும் பல வாரங்கள் உண்டு. வெற்றிலைத் தோட்டங்களுக்கும் மரக்கறிச் செய்கைக்கும் பெயர்பெற்ற களுதாவளையிலும் அடைமழை நீடித்தால் தோட்டக்காரரின் உழைப்பு நீரோடு போய்விடுகின்றது. உழைப்பவர் கையில் காசு மிகக் குறைவாகப் புழங்கும் இக்காலத்திலேதான் கிறிஸ்து பிறப்பு விழா வருகின்றது.

பிள்ளைகளோ காத்திருக்கமாட்டார்கள். புத்தாடை எப்போது, கேக் எப்போது, அயல்வீட்டில் எரியும் மின்குமிழ்கள் நம் வீட்டில் எப்போது என்று கேட்பார்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பொருட்களின் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிள்ளையின் முகம் வாடக் கூடாதென்று காதிலுள்ள தோட்டைக் கழற்றி அடகு வைக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கின்றனர். விழா ஒரு நாளில் முடிந்துவிடும்; வட்டி ஆண்டு முழுவதும் தொடரும். ஜனவரியில் பாடசாலைக் கொப்பி வாங்கவும் வழியின்றி அதே தாய் கலங்கி நிற்பாள்.

அன்புப் பெற்றோரே, பாலன் இயேசுவின் பெற்றோரும் இந்நிலையை அறியாதவர்கள் அல்லர். பிள்ளையை ஆலயத்தில் அர்ப்பணிக்கச் சென்றபோது அவர்கள் செலுத்த எண்ணியது இரு புறாக்களே என லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் காட்டுகின்றது. ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்றவர்களுக்கென லேவியர் நூல் அனுமதித்த காணிக்கை அது. மரியாளும் சூசையப்பரும் தங்களிடம் இல்லாததைக் காட்டிக்கொள்ள முற்படவில்லை. இருந்ததை முழுமனதோடு கொடுத்தார்கள். நம் இல்லங்களின் நத்தார் கொண்டாட்டத்திற்கும் இதுவே அளவுகோலாக அமையட்டும்.

கிரேச்சோவும் களுதாவளையும்

பாலன் குடில் அமைக்கும் வழக்கத்தைப் பரவச் செய்தவர் அசிசி நகர் புனித பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில், நத்தாருக்குச் சுமார் இரு வாரங்களுக்கு முன்னர், தமக்கு அறிமுகமான ஒருவரை அழைத்து ஆயத்தங்களைச் செய்யச் சொன்னார். அவர் கேட்டவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு காளை, ஒரு கழுதை ஆகியவை மாத்திரமே. சுரூபங்கள் எவையும் இருக்கவில்லை. ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு திரண்டு வந்தனர். அந்தத் தீவனத் தொட்டியின் மீதே திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. முதற் குடில் ஏழைகளின் கையிலிருந்த பொருட்களாலேயே உருவானது.

2019 டிசம்பர் 1ஆம் திகதி அதே கிரேச்சோவுக்குச் சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், குடிலைப் பற்றியதொரு திருத்தூது மடலில் கையொப்பமிட்டார். இல்லங்களில் குடில் அமைக்கும் வழக்கம் கைவிடப்படலாகாது என்றும், அது எவ்வாறு அமைக்கப்படுகின்றது என்பதை விட நம் வாழ்வோடு அது பேசுகின்றதா என்பதே முக்கியம் என்றும் அம்மடலில் அவர் வலியுறுத்தினார்.

களுதாவளையின் மண்ணோடு பேசும் குடிலுக்குக் கடையில் வாங்க வேண்டியது எதுவுமில்லை. நான்கு பூவரசங் கம்புகள் தூண்களாகும். கூரைக்குக் கிடுகு. அதைப் பின்ன அம்மம்மாவின் அருகில் பிள்ளையை அமரச் செய்யுங்கள். கைத்தொழிலும் பழங்கதையும் ஒருங்கே கிடைக்கும். முற்றத்து மணல் தரையாகும். காய்ந்த தென்னம்பாளை பாலனின் தொட்டிலாகும். வாவிக்கரைக் களிமண்ணில் பிள்ளைகள் பிடிக்கும் ஆடு, நாயைப் போலத் தோன்றினாலும் குறையில்லை. இடையர்களின் பக்கத்தில் வீச்சுவலையோடு ஒரு மீனவரையும், வெற்றிலைக் கூடையோடு ஒரு தோட்டக்காரரையும் வையுங்கள். தன் தந்தையும் அந்தக் குடிலில் நிற்கிறார் என்பதைக் காணும் பிள்ளை, இறைமகன் தன் வீட்டைத் தேடியே வந்தார் என்பதை உபதேசமின்றி உணர்ந்துகொள்ளும். கிடுகின் அருகில் மட்டும் மெழுகுதிரி வேண்டாம். சற்றுத் தள்ளி ஒரு தட்டில் வைப்பதே பாதுகாப்பானது.

ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல்

குடிலை முன்கூட்டியே அமைத்துத் தொட்டிலை வெறுமையாக விட்டுவிடும் வழக்கம் பல நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் உண்டு. திருவருகைக் காலத்தில் பிள்ளை செய்யும் ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் தொட்டிலில் இடப்படும். தம்பிக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஒன்று, அம்மாவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்ததற்கு ஒன்று, சண்டையிட்ட நண்பனிடம் தானாகச் சென்று பேசியதற்கு ஒன்று. பாலனுக்கு மெத்தை அமைவது இவ்வாறே. பெற்றோரும் தங்கள் வைக்கோலை இட வேண்டும். குடியை ஒரு மாதம் தவிர்த்த தந்தையின் வைக்கோலுக்கு இணையான அலங்காரம் எந்தக் கடையிலும் கிடையாது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் இல்லத்தின் கடைக்குட்டியே பாலனைத் தொட்டிலில் கிடத்தட்டும்.

காத்திருக்கக் கற்பிக்கும் சுடர்

திருவருகைக் கால வளையமும் ஏழைப் பிள்ளைகளுக்காக எழுந்த வழக்கமே. ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறார்களைப் பராமரித்து வந்த விகேர்ன் என்னும் லூத்தரன் போதகரிடம், நத்தார் எப்போது வரும் என்று அப்பிள்ளைகள் ஓயாது கேட்டனராம். அவர் 1839ஆம் ஆண்டு பழைய வண்டிச் சக்கரமொன்றில் வார நாட்களுக்குச் சிறிய மெழுகுதிரிகளையும் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய மெழுகுதிரிகளையும் பொருத்தி, நாளுக்கொன்றாக ஏற்றச் செய்தார். நமக்குத் தென்னோலை வளையமும் நான்கு மெழுகுதிரிகளும் போதும். வாரத்துக்கொன்றாக ஏற்றி, ஒரு சிறு நற்செய்திப் பகுதியை வாசித்து, ஒரு பாடலைப் பாடிச் செபியுங்கள். பத்து நிமிடங்கள்தான்; அந்நேரத்தில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்திருக்கட்டும்.

மூன்று ஞானிகளின் உருவங்களைக் குடிலில் உடனே வைத்துவிடாமல், வீட்டின் கிழக்கு மூலையிலிருந்து நாள்தோறும் ஓரடி நகர்த்தச் சொல்லுங்கள். திருக்காட்சிப் பெருவிழாவன்று அவர்கள் குடிலை வந்தடைவார்கள். நத்தார் ஒருநாள் விழாவன்று, ஒரு காலம் என்பதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்வர்.

தூரத்தில் இருக்கும் தாய்க்கு

நம் பிரதேசத்தில் தாயோ தந்தையோ மத்திய கிழக்கில் உழைக்கும் இல்லங்கள் பல. அவ்வில்லத்துப் பிள்ளைக்கு அனுப்பப்படும் பொதியை விட அனுப்புபவரின் குரலே பெரிதாகும். தொட்டிலில் அம்மாவின் பெயரிலும் நாள்தோறும் ஒரு வைக்கோல் இடப்படட்டும். நத்தார் இரவில் தொலைபேசி வழியாக அவளே பாலன் பிறந்த நற்செய்தியை வாசிக்க, வீட்டிலுள்ளோர் குடிலின் முன் அமர்ந்து கேட்கட்டும். கடல் கடந்து பிரிந்திருக்கும் குடும்பமும் அவ்வேளையில் ஒரே குடும்பமாகும்.

அயலவரோடு ஒரு தட்டு

களுதாவளை பிள்ளையார் ஆலய மணியோசையோடு விழிக்கும் ஊர். இந்துக்களே இங்கு பெரும்பான்மையினர். கார்த்திகை மார்கழியில் அவர்கள் பிள்ளையார் கதை விரதத்தை 21 நாட்கள் அனுட்டிப்பர். திருவெம்பாவைக் காலமும் தொடரும். நாம் நம் ஆண்டவருக்காகக் காத்திருக்கும் நாட்களும் பெரும்பாலும் இவையே. ஆகவே நத்தார் காலையில் வீட்டில் சுட்ட பலகாரத்தில் ஒரு தட்டை அயல்வீட்டுக்குப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். முறுக்கும் பயற்றம் பணியாரமும் போதும். மூன்று வாரங்களில் அதே தட்டு தைப்பொங்கலோடு திரும்பி வரும். தன் மகிழ்ச்சி வேலியோடு நின்றுவிடலாகாது என்பதை அத்தட்டைச் சுமந்து செல்லும் பிள்ளை அறிந்துகொள்ளும்.

மறுநாள் காலையில் ஒரு விளக்கு

எழுவான்கரை மக்களுக்கு நத்தாரின் மறுநாளும் மறக்கவொண்ணாதது. 2004ஆம் ஆண்டு நத்தார் சனிக்கிழமையில் வந்தது. மறுநாள் ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. அன்று காலையிலேதான் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலாகக் கரையோரம் நெடுகிலும் குடும்பங்களைக் குடும்பங்களாகவே வாரிச் சென்றது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதல்நாள் உடுத்திய புத்தாடையின் விலையை அந்தப் பெற்றோர் எவரும் இன்று நினைவுகூர்வதில்லை. பிள்ளை மடியில் இருந்ததை, சிரித்ததை, பாடியதையே நினைக்கின்றனர்.

ஆகையால் டிசம்பர் 26ஆம் திகதி காலையில் குடிலின் முன் ஒரு விளக்கை ஏற்றுங்கள். பிரிந்தவர்களின் பெயர்களைப் பிள்ளைகள் கேட்க வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னர் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதியுங்கள். இவ்வழக்கத்திற்குச் செலவு ஏதுமில்லை. ஆயினும் பெற்றோரின் அந்த விரலின் தொடுகை பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் தங்கும்.

கடன்பட்டு வாங்கிய அலங்காரம் தை மாதத்தில் கழற்றப்படும். பெற்றோர் கொடுத்த நேரத்தை ஒருவராலும் கழற்ற முடியாது. வாவிக்கும் கடலுக்கும் இடையே விடியலை முதலிற் காணும் இவ்வெழுவான்கரையில், நம் ஒவ்வோர் எளிய இல்லத்திலும் பாலன் இயேசு விடியலாக உதித்து, திருக்குடும்பத்தின் அமைதியை நமக்கு அருள்வாராக.