மட்டை வீட்டில் எரியும் விளக்கு

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் உம்மாமாருக்குக் கவலையும் தொடங்கிவிடும். பிள்ளைகளை எப்படி வீட்டில் இருத்தி வைப்பது? கைத்தொலைபேசியைக் கொடுத்தால் சத்தம் அடங்கும். ஆனால் பிள்ளை பக்கத்தில் இருந்தும் இல்லாதது போல் ஆகிவிடும்.

அன்பு வாசகர்களே, இம்முறை வேறொரு வேலை சொல்கிறோம். ஒரு விளையாட்டு ரயில், கொஞ்சம் மட்டை, ஒரு பிடி சின்ன விளக்குகள். இவற்றைக் கொண்டு நீங்கள் வாழ்ந்த தெருவையே மேசையின் மேல் எழுப்பலாம்.

"இது வசதியுள்ளவர்கள் வீட்டு விளையாட்டல்லவா?" என்று கேட்பீர்கள். ரயிலும் தண்டவாளமும் விலை கூடியவைதாம். கட்டடங்களுக்கோ பிஸ்கட் பெட்டி மட்டையே போதும். ரயில் பிறகு வரட்டும். ஊர் முதலில் எழும்பட்டும்.

ஏன் கொம்பனித்தெரு?

கரையோர ரயில் பாதையில் கோட்டைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் இருக்கிறது கொம்பனித்தெரு ரயில் நிலையம். விக்டோரியா காலத்துப் பாணியில் அமைந்த அந்தப் பழைய நிலையம் இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றியிருந்தவை எல்லாம் அப்படி நிற்கவில்லை.

2010 மே மாதம் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் ஜாவா லேன், கிளெனி வீதி ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. 1870இல் எழுந்த டி சொய்சா கட்டடமும் இன்று இல்லை. ஊரின் ஆங்கிலப் பெயரும் போய்விட்டது. 'அடிமைத் தீவு' என்ற பொருள் தரும் அந்தப் பெயரை 2022இல் அரசு கைவிட்டது. நாம் தமிழில் என்றைக்கும் கொம்பனித்தெரு என்றுதானே சொல்லி வந்தோம்!

பெயர் மாறியதில் யாருக்கும் வருத்தமில்லை. வீடு போனதில்தான் வருத்தம். முஸ்லிம்களும் மலாயரும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த ஒழுங்கைகள் அவை. தொடர்மாடியில் பிறந்த பிள்ளைக்கு, தன் உம்மும்மா வளர்ந்த வீட்டு வாசல் எப்படி இருந்தது என்று தெரியாது. புகைப்படம் இருந்தாலும் அதில் கல்யாண மாப்பிள்ளைதான் இருப்பார், வாசல் இராது. அந்த வாசலைத் திரும்பவும் கண்ணால் காண ஒரு வழி, அதைச் சின்னதாகக் கட்டிப் பார்ப்பது.

ஓர் அடிக்கு நான்கு மில்லிமீற்றர்

மாதிரி ரயில் உலகில் பல அளவுகள் உண்டு. பிரித்தானியாவில் பெரிதும் வழங்குவது 'டபிள் ஓ' அளவு. அதாவது 76இல் ஒரு பங்கு. நமக்கு வசதியானதும் அதுவே. ஏனெனில் அதில் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீற்றர். நம் மேசன்மார் இன்றும் அடிக் கணக்கில்தானே பேசுகிறார்கள்!

ஏழு அடிக் கதவு 28 மில்லிமீற்றர். பத்து அடிச் சுவர் 40 மில்லிமீற்றர். இருபது அடி முகப்புள்ள வீடு எட்டு சென்ரிமீற்றர். ஆக, ஒரு ஒழுங்கை முழுவதையும் ஒரு சாப்பாட்டு மேசையில் வைத்துவிடலாம். ஆனால் பேர வாவிக் கரையில் நிற்கும் ஆல்டெயர் தொடர்மாடியை இதே அளவில் கட்டப் போனால் மோசம். அதன் உயரம் 240 மீற்றர். உங்கள் மேசை மேல் அது மூன்று மீற்றருக்கும் கூடுதலாக எழும்பிக் கூரையை முட்டும். பழைய வீடுகளுக்குப் பக்கத்தில் புதியவை எவ்வளவு பெரியவை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டு அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரம் ஐந்தரை அடி. 'டபிள் ஓ' அளவில் அது 22 மில்லிமீற்றர் ஆக வேண்டும். கடையில் வாங்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர்தான். ஆகவே தண்டவாளத்தை வைத்துக் கட்டடத்தை அளக்காதீர்கள். கதவை வைத்து அளந்துகொள்ளுங்கள். கதவு சரியாக இருந்தால் வீடு சரியாக இருக்கும்.

அளப்பது எப்படி?

நிற்கும் கட்டடமானால் அதன் முன் உங்கள் பிள்ளையை நிறுத்தி, நேர் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள். பிள்ளையின் உயரம் உங்களுக்குத் தெரியும். அதைக் கொண்டு கதவு, ஜன்னல், கூரை எல்லாவற்றையும் கணக்கிட்டு விடலாம். ரயில் நிலையத்தில் படம் எடுப்பதானால் நிலைய அதிபரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். தண்டவாளப் பக்கம் பிள்ளைகளை விடவே வேண்டாம்.

இடிந்துபோன வீடானால் அளவுநாடா உதவாது. மூத்தவர்களின் ஞாபகம்தான் உதவும். "வீடு எத்தனை அடி?" என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. "முன் அறையில் எத்தனை பாய் விரிக்கலாம்? வாசற்படி எத்தனை? கிணறா, தெருக் குழாயா?" என்று கேளுங்கள். அப்போது பாருங்கள், உம்மும்மா எழும்பி நின்று கையால் காட்டுவார். ஒரு பாய் ஏறக்குறைய ஆறடி. பதில் கிடைத்துவிட்டது!

வெட்டுவதும் ஒட்டுவதும்

சுவர்களைத் தனித்தனியே வரைந்து, ஜன்னல் கதவுகளை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, பிறகு சுவரை வெட்டுங்கள். மாறிச் செய்தால் மட்டை வளைந்துவிடும். பிளேட் பிடிக்கும் வேலை பெரியவர்களுடையது. மூலைகளுக்கு உள்ளே தீக்குச்சியை ஒட்டினால் சுவர் நிமிர்ந்து நிற்கும். ஓட்டுக் கூரைக்கு, நெளிந்த மட்டையின் மேற்தாளை ஈரத் துணியால் நனைத்து உரித்து எடுத்தால் வரி வரியாக அழகாக வரும். கூரையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். கழற்றி மாட்டும்படி வையுங்கள். விளக்குப் பழுதானால் அதைத் திறந்துதானே பார்க்க வேண்டும்!

விளக்கு ஏற்றுதல்

வெசாக் காலத்தில் பேர வாவிப் பக்கம் போனவர்கள் வெசாக் கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய தாளுக்குப் பின்னால் ஒரே ஒரு விளக்கு. ஆனால் கூடு முழுவதும் ஒளிரும். மட்டை வீட்டுக்கும் அதே உபாயம்தான். ஜன்னலின் உட்பக்கம் எண்ணெய்த் தாளையோ டிஷ்யூத் தாளையோ ஒட்டிவிட்டால் விளக்கு கண்ணைக் குத்தாது; ஒளி பரந்து தெரியும்.

விளக்காக, பாடசாலையில் 'ஒளிகாலும் இருவாயி' என்று படிப்பிக்கிறார்களே, அந்த எல்.ஈ.டி. போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கும். வெள்ளை எல்.ஈ.டி. ஏறக்குறைய 3 வோல்ற்றில் எரியும். கைத்தொலைபேசிச் சார்ஜர் தருவது 5 வோல்ற்று. மிஞ்சும் 2 வோல்ற்றைத் தாங்க ஒவ்வொரு விளக்குக்கும் 470 ஓம் தடையி ஒன்றைத் தொடராக இணையுங்கள். அப்போது ஏறக்குறைய 4 மில்லிஅம்பியர் மட்டுமே ஓடும். இந்தச் சின்ன வீட்டுக்கு அந்த வெளிச்சமே தாராளம். இருபது விளக்கு ஏற்றினாலும் 100 மில்லிஅம்பியரைத் தாண்டாது. நீண்ட கால் நேர்முனை, குட்டைக் கால் எதிர்முனை. மாற்றிக் கொடுத்தால் எரியாது. ஒவ்வொரு இணைப்பையும் நாடாவால் மூடுங்கள். பவர் பாங்கில் இணைத்தால் மின்னோட்டம் போதாமல் சில நேரம் அது தானாகவே நின்றுவிடும்; பழுதென்று பயப்பட வேண்டாம்.

சுவர் மின்சாரமான 230 வோல்ற்றை நேராக இதில் இணைக்க நினைக்கவே கூடாது. மெழுகுதிரியும் வேண்டாம். மட்டையும் பசையும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

கூரை மாட்டும் முன் அறையை இருட்டாக்கிப் பாருங்கள். மட்டைச் சுவரே விளக்குக்கூடு போல் ஒளிர்ந்தால், சுவரின் உட்புறம் கறுப்பு மை பூசி, அது காய்ந்ததும் மேலே வெள்ளை பூசுங்கள். ஒளி ஜன்னல் வழியாக மட்டும் வரும்.

நிறத்திலும் கவனம் தேவை. குண்டு பல்பு எரிந்த வீட்டுக்கு மஞ்சள் கலந்த வெள்ளை. டியூப் லைற் எரிந்த கடைக்கு நீலம் கலந்த வெள்ளை. இதையும் மூத்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஜன்னலில்?

ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' என்ற மாபெரும் மாதிரி ரயில் உலகில், கால் மணித்தியாலத்துக்கு ஒரு பகலும் இரவும் வந்து போகின்றன. இந்தியாவின் பூனே நகரில் ஜோஷி என்பவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய மாதிரி ரயில் 1998இல் ஓர் அருங்காட்சியகமாகவே திறக்கப்பட்டது. இரண்டிலும் விளக்கு எரியும் நேரந்தான் பார்ப்பவர் மனதைப் பிடிக்கும். பகலில் அவை கட்டடங்கள். விளக்கு எரிந்தால் அவை வீடுகள்.

அதனால் எல்லா ஜன்னலிலும் விளக்கை வைத்துவிடாதீர்கள். எந்த வீட்டிலும் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிவதில்லை. "மஃரிபுக்குப் பிறகு எந்த அறையில் விளக்கு எரியும்? அங்கே யார் இருப்பார்?" என்று கேளுங்கள். ஓதிக்கொண்டிருந்த மூத்தவரின் அறையா, தையல் மெஷின் ஓடிய அறையா, சோறு வெந்த குசினியா? ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பெயர் வரும். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தின் பெயரும், எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் பெயரும் கூடவே வரும். அவற்றை ஒரு கொப்பியில் பிள்ளையைக் கொண்டே எழுதுவியுங்கள்.

யாருக்கும் ஞாபகமில்லாத ஜன்னல்களும் இருக்கும். அழகுக்காக அங்கே விளக்கை வைக்க வேண்டாம், இருட்டாகவே இருக்கட்டும். இன்னொரு நாள் வீட்டுக்கு வரும் ஒரு சாச்சியோ மாமாவோ அதைக் கண்டு, "இந்த அறையில்தானே நாங்கள் படுத்தோம்!" என்று சொல்லக்கூடும். அன்றைக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

மட்டை வீடு கட்டி இடிந்த வீட்டைத் திருப்பி எடுக்க முடியாது. யாருடைய இழப்பீட்டையும் அது வாங்கித் தராது. ஆனால் ஒரு பிள்ளைக்குத் தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று காட்டும். வாசலைக் கையால் காட்டக்கூடிய மூத்தவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள். மட்டை எப்போதும் கிடைக்கும், அவர்கள் அப்படியல்ல. ஆகவே இந்த விடுமுறையிலேயே கேளுங்கள்.