எடையற்ற இரை

தில்லி கோல் மார்க்கெட்டில், 1921-இல் எழுந்த அந்த வட்டக் கட்டடத்தை அண்டிய மீன்கடைகளிலே வங்காளிகள் பேட்கி என்று விரும்பி வாங்கும் மீன், நம் பழவேற்காட்டுக் கழிமுகத்தில் கொடுவா என்ற பெயரோடு உலவுவதும், பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாக மாறுவதுமான விசித்திரப் பிராணி என்பதை, அங்கே பேரம் பேசுவோர் அறிவாரோ, அறியேன். அம்மீனை வலையின்றிக் கோல்கொண்டும் பிடிக்கலாம்; இப்படி மெல்லிய கோல்கொண்டு மீன் பிடிக்கும் விநோதத்தைச் சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இலேயே 'தி ராட் இன் இந்தியா' என்று நூலாக்கினார். இவ்விநோதத்தின் ஒரு வகையில், இறகும் நூலும் சேர்த்து இறாலைப்போல் கட்டிய பொய்யிரைக்கோ எடையே இல்லை. ஆதலால் கனத்த கயிறே சாட்டைபோல் வீசப்பட்டு அதைச் சுமந்து செல்கிறது. மீன் பாய்ந்திழுக்கையில் கோல் வளைந்து அதிர்ச்சியை வாங்க, ரீல் சிறுகச் சிறுகக் கயிற்றை விட்டுக்கொடுக்கும். எதிர்முள் அற்ற தூண்டிலாயின் மீனைச் சுலபமாய் விடுவித்து உயிரோடு நீருக்கே அனுப்பலாம், சமையலறைக்குத்தான் நஷ்டம்.