கடல் வயலுக்கு உரம் ஏறும் சரிவு

கடலிலும் வெள்ளாமை உண்டு. விதைப்பவர் யாருமில்லை, அறுப்பதற்கு அரிவாளும் வேண்டியதில்லை. நீரில் மிதந்து திரியும் நுண்பாசிகளே அந்தப் பயிர். தாவரப் பிளாங்க்டன் என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். தனித்தனியே பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஆயினும் தரையிலுள்ள செடி, கொடி, மரம் அனைத்தும் வெயிலைக் கொண்டு தயாரிக்கும் உணவுக்கு ஏறக்குறையச் சமமான அளவை இவையும் தயாரிக்கின்றன. நெத்திலி, மத்தி தொடங்கி திமிங்கிலம் வரை கடலில் பெரும்பாலான உயிர்களுக்கு முதல் தீவனம் இதுவே.

இந்தப் பயிருக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. வயலில் தாளும் தழையும் மக்கினால் அந்தச் சத்து வேர் எட்டும் மண்ணிலேயே தங்குகிறது. கடலில் செத்த பாசியும் மீன் கழிவும் அடியை நோக்கி இறங்கிவிடுகின்றன. தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆழத்தில் சேர்ந்து கிடக்க, வெயில் மட்டும் மேலே இருக்கிறது. தெளிந்த கடலிலும் 200 மீட்டருக்குக் கீழே பாசி வளரப் போதிய வெளிச்சம் இல்லை. மேலே சூடேறிய இலேசான நீர், கீழே குளிர்ந்து கனத்த நீர். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. அடியில் கிடக்கும் உரத்தை மேலே ஏற்றுவது யார்?

காற்றும் புயலும் ஓரளவு ஏற்றுகின்றன. சில கரையோரங்களில் காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ள, அடிநீர் மேலெழும்புகிறது. நடுக்கடலில் இந்த வேலையைச் செய்யும் இன்னொன்று, இரு வேறு நீர் சந்திக்கும் எல்லை. கடல் ஆராய்ச்சியாளர்கள் இதை ஃப்ரண்ட் என்பர். நீர் வரப்பு என்று சொன்னால் விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும்.

ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் இடையே, மத்தியதரைக் கடலின் மேற்கு மூலையில் உள்ள அல்போரான் கடல் இதற்கு நல்ல உதாரணம். ஆறும் மழையும் கொண்டுவரும் நீரைவிட, மத்தியதரைக் கடலிலிருந்து ஆவியாகிப் போகும் நீர் அதிகம். அதனால் அந்த நீரில் லிட்டருக்கு 38 கிராம் அளவில் உப்பு இருக்கிறது. குறைந்ததை ஈடுசெய்ய, உப்பு சற்றுக் குறைந்த அட்லாண்டிக் நீர் ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியே உள்ளே பாய்கிறது. குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த வாசலில் வினாடிக்கு ஏறக்குறைய மூன்று கோடி கன அடி நீர் நுழைகிறது!

நுழைந்த நீர் உடனே கலந்துவிடுவதில்லை. இலேசான அட்லாண்டிக் நீர் ஒரு பக்கமும், கனத்த நீர் மறு பக்கமுமாக நிற்கின்றன. வரப்பு என்றாலும் இது செங்குத்தாக நிற்பதல்ல. கனத்த நீர் இலேசான நீரின் அடியில் நுழைந்து கிடப்பதால், எல்லை சாய்ந்தே இருக்கும். சில கிலோமீட்டர் போனால் சில பத்து மீட்டர் இறங்கும் மெல்லிய சரிவு அது.

பூமி சுழல்வதால் கடல் ஓட்டத்திற்கு ஒரு சமநிலை உண்டு. ஓட்டம் வளையும் இடத்திலும், இரு நீரும் நெருக்கப்படும் இடத்திலும் அது குலைகிறது. அதைச் சரிக்கட்ட நீர் அந்தச் சரிவு வழியே ஓரிடத்தில் மேலேறுகிறது, வேறோரிடத்தில் கீழிறங்குகிறது. திறந்த கடலில் நீர் நாளொன்றுக்கு ஒரு மீட்டர் ஏறி இறங்குவதே பெரிது. இந்த வரப்பிலோ பத்து மீட்டரும், சில வேளை நூறு மீட்டரும் நகர்கிறது. ஏறும் நீர் உரத்தைக் கொண்டுவருகிறது. இறங்கும் நீர், விளைந்த பயிரையே வாரிக்கொண்டு போகிறது.

அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அமலா மகாதேவன் தலைமையில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2018, 2019-ம் ஆண்டுகளில் அல்போரான் கடலில் இதை அளந்தனர். ஓடும் கப்பலிலிருந்து கயிற்றில் கருவியை ஆழத்திற்கு விடுவதும், சுருட்டி எடுப்பதும், மறுபடி விடுவதுமாகப் பல நாள் வேலை. நூறு மீட்டருக்குக் கீழே, இருட்டில், மேல்நீரின் பச்சையமும் பிராணவாயுவும் நாக்கு நீட்டியதுபோல் நுழைந்து கிடந்தன. செத்து உதிர்ந்தவை மட்டுமல்ல, உயிருள்ள பாசிகளும் அதில் இருந்தன. மேல்கடலுக்கு இது நஷ்டம்தான். ஆனால் இருட்டில் வாழும் உயிர்களுக்கு அதுவே தீனி. பாசி நீரிலிருந்து எடுத்த கரியும் அதனோடு ஆழத்திற்குப் போகிறது.

கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளமும் உண்டு. 2016-ம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 200 மிதவைக் கருவிகள் பரவியிருந்தன. ஒரு வாரத்திற்குள் அவற்றில் பாதிக்கு மேல் 60 மீட்டருக்கு 60 மீட்டர் இடத்தில் வந்து கூடிவிட்டன. அங்கேயும் காரணம் இப்படிப்பட்ட ஒரு வரப்பே. மதகு முகப்பில் நீர் கீழே இறங்கிவிட, சருகு மட்டும் மேலே கூடி நிற்பதில்லையா, அதே கதைதான். கடலில் நுரையும் பாசியும் கோடு கிழித்தாற்போல் நீண்டு கிடப்பதை மீனவர்கள் பார்ப்பதும் பல சமயம் இதனால்தான்.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே இந்த வரப்பு வேறொரு காரியமும் செய்கிறது. அங்கே குளிர்காலப் புயல்கள் பாசியை ஆழம் வரை கலக்கி, வெயில் படாமல் செய்துவிடும். 2008-ல் நடந்த ஆய்வில், இலேசான நீர் கனத்த நீரின் மேல் சரிந்து மூடிக்கொள்வதால் பாசி மேலேயே தங்குவது தெரிந்தது. வெயில் நீரைச் சூடாக்கும்வரை காத்திராமல், வசந்த விளைச்சல் 20 முதல் 30 நாள் முந்தியே தொடங்கிவிடுகிறது. முன்பட்டம் கிடைத்த மாதிரி!

மத்தியதரைக் கடல் பொதுவில் சத்துக் குறைந்த கடல். அதில் அல்போரான் செழிப்பாக இருப்பதற்கு இந்த வரப்புகளும், வடகரையில் எழும்பும் அடிநீரும் காரணம். ஸ்பெயினின் மாலகா ஊரார் நெத்திலிக்குப் பேர்போனவர்கள். அவர்களுக்குப் பட்டப்பெயரே நெத்திலிதான்.

நம் நாட்டிலும் இந்த அறிவு பயன்பாட்டில் உள்ளது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல்நீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, வரப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று கணித்து, மீன் கூடக்கூடிய இடத்தை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. கரையிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்ற விவரம் தமிழிலும் கிடைக்கிறது. மேகம் மூடிய நாட்களிலும் மீன்பிடித் தடைக்காலத்திலும் இந்த அறிவிப்பு வராது.