உற்சாகத்தின் மறுபக்கம்

மனோவியாதி என்றவுடன் தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவனை நினைத்துப் பழகிவிட்ட நமக்கு, தினமும் நம்மோடு இலை போட்டுச் சாப்பிடுகிறவரிடத்திலேயே அது ஓசையின்றிக் குடிபுகக்கூடும் என்பது எளிதில் புத்தியில் ஏறுவதில்லை. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், ஏறக்குறைய நாள் முழுவதும், எதிலும் ருசியற்றுக் கவிந்திருக்கிற சோர்வை வைத்தியர்கள் வியாதியாகக் கணிக்கிறார்கள். ஆனால் நம்மவரில் அநேகர் மனசைப் பற்றி வாய்திறவாமல், உடம்பு வலி, பசியின்மை, தலைபாரம் என்றே முறையிடுவார்கள். விடியுமுன் விழிப்புக் கண்டு, காலைப்பொழுதெல்லாம் கல்லாய்க் கனத்து, சாயங்காலம் சற்றே தெளிகிறது என்று ஒருவர் சொன்னால் காது கொடுக்க வேண்டும். (தைராய்டு குறைந்தாலும் இதே கோலம் வரலாமாகையால் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.)

துயரத்தைக் கண்டு பயப்படுகிற குடும்பம் உற்சாகத்தைக் கண்டு பயப்படுவதில்லை. நாம் ஏமாந்துபோகிற இடம் அதுதான். மாதக்கணக்கில் மூலையில் கிடந்தவர் ஒருநாள் எழுந்து குளித்து, பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் டெலிபோன் செய்து, அறிமுகமில்லாத வியாபாரமொன்றுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தால், தாயார் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பிவிடுகிறாள். அப்பொழுது கவனிக்க வேண்டியது உறக்கத்தை. கவலையால் தூக்கம் கெட்டவர் மறுநாள் துவண்டுபோவார். இவரோ மூன்று மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுக் களைப்பின் சாயலேயின்றி, பேச்சுக்கு இடைவெளி விடாமல், தடுத்தால் சீறிக்கொண்டு திரிவார்.

அந்தச் சோர்வும் இந்த உற்சாகமும் ஒரே வியாதியின் முகங்களாக வரக்கூடும் என்பதை 1850-களிலேயே பாரிஸ் நகரத்து வைத்தியர் ஃபால்ரே வர்ணித்தார். ஜெர்மானியரான கிரெப்பலின் 1899-இல் அதற்கொரு பெயரும் சூட்டினார். ஆஸ்திரேலியாவின் ஜான் கேட், லித்தியம் என்னும் உப்பு அந்த உற்சாக வெறியை அடக்குவதை 1949-இல் வெளியிட்டார். சோர்வு காலத்தில் வைத்தியரிடம் போகிற நோயாளி, முன்பு தாம் ஆகாயத்தில் பறந்த நாட்களை வியாதியென்றே எண்ணாததால் சொல்லாமலிருந்துவிடுகிறார். சோர்வுக்கான மாத்திரை மட்டும் தனித்துக் கொடுக்கப்பட்டாலோ, சிலருக்கு அதுவே மனத்தை மறுதுருவத்துக்கு உந்திவிடுவதுண்டு. ஆகவே கூடப்போகிறவர் அந்த நாட்களையும், அப்பொழுது கைவிட்டுப்போன பணத்தையும், உறங்காத இரவுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சோர்ந்திருப்பவரிடம் 'செத்துப்போகலாம் போலிருக்கிறதா?' என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். ஊட்டியதாகாது; கேட்கலாம். ஆமென்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற அரசாங்கத்தின் கட்டணமில்லாத் தொலைபேசியில் இரவிலும் ஆள் இருக்கிறார்கள்.