142 கிலோமீட்டரின் விலை

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது ஹாலிம் ரயில் நிலையம். அங்கே ‘வூஷ்’ அதிவேக ரயிலில் ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் படலாராங் வந்துவிடும். மணிக்கு 350 கிலோமீட்டர் வேகம். தென்கிழக்கு ஆசியாவின் முதல் அதிவேக ரயில் இதுதான். ஆனால் பெரும்பாலானோர் போக வேண்டிய ஊர் பாண்டுங். அதனால் பெட்டி, பை, குழந்தைகளோடு படலாராங்கில் இறங்கி, இணைப்பு ரயில் நிற்கும் நடைமேடைக்குப் போய்க் காத்திருக்கிறார்கள். அந்த டீசல் ரயில் வழியில் சிமாஹியில் நின்று, சுமார் இருபது நிமிடத்தில் பாண்டுங் நிலையத்தில் கொண்டுபோய் விடும். இறங்காமல் கடைசிவரை போனால் தெகல்லுவார். அது நகருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வர வேறு வண்டி பிடிக்க வேண்டும்.

பழைய ரயில் ஜகார்த்தாவின் நடுவில் உள்ள காம்பிர் நிலையத்தில் புறப்பட்டு, பாண்டுங்கின் நடுவில் இறக்கிவிடும். அதற்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். 2005-ல் திறந்த சுங்கச் சாலையில் காரிலும் பேருந்திலும் போகிறவர்கள் ஏராளம். ஆக, வீட்டு வாசலில் ஆரம்பித்துப் போய்ச்சேரும் இடம்வரை கணக்குப் போட்டால், ஜகார்த்தா நெரிசலைக் கடந்து ஹாலிம் சேரும் நேரம், காத்திருப்பு, வண்டி மாறுவது எல்லாம் சேர்ந்து, மிச்சமான நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன.

இந்த 142 கிலோமீட்டர் பாதைக்கு ஆன செலவு 700 கோடி டாலருக்கும் மேல். போட்ட மதிப்பீட்டைவிட 120 கோடி டாலர் கூடுதல். செலவில் முக்கால் பங்கு சீன வளர்ச்சி வங்கியின் கடன். திட்டத்தில் இந்தோனேசியாவின் பங்கை வைத்திருக்கும் அரசு நிறுவனக் கூட்டமைப்பு 2024-ல் மட்டும் 4 லட்சம் கோடி ருபியாவுக்கு மேல் நட்டம் காட்டியது. ஏறத்தாழ 25 கோடி டாலர். 2025 ஆகஸ்டில் இந்தோனேசிய ரயில்வேயின் தலைவரே நாடாளுமன்றக் குழுவின் முன் இந்தக் கடனை வெடிகுண்டு என்று ஒப்புக்கொண்டார். அக்டோபரில், அரசு பட்ஜெட்டிலிருந்து இதற்குப் பணம் தர முடியாது என்று நிதியமைச்சர் கைவிரித்தார். பிறகு அதிபர் பிரபோவோ தலையிட்டு, பொறுப்பைத் தானே ஏற்பதாகச் சொல்ல வேண்டி வந்தது.

வளரும் நாடு ஒன்று புல்லட் ரயிலில் பணம் போடலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய கதை இது. இப்படி ஆகும் என்று எச்சரிக்க அந்த நாட்டிலேயே ஆள் இருந்தார்.

இக்னாசியஸ் ஜோனன் 2009 முதல் 2014 வரை இந்தோனேசிய ரயில்வேயை நடத்தியவர். கூரைமேல் ஏறிப் பயணம் செய்வதைத் தடுத்தார், டிக்கெட்டை ஒழுங்குபடுத்தினார், நிலையங்களைச் சுத்தமாக்கினார். நட்டத்தில் கிடந்த நிறுவனம் லாபத்துக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில்தான் ஜகார்த்தாவுக்கும் சுரபயாவுக்கும் இடையே ஜாவா தீவின் வடகரை வழியாகச் செல்லும் 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை முழுக்க இரட்டைப் பாதையானது. எந்தப் பெரிய விழாவும் இல்லாமல் ஜாவாவின் ரயில்களை வேகப்படுத்திய வேலை அது. பிறகு அவர் போக்குவரத்து அமைச்சரானார். 2016 ஜனவரியில் வாலினியில் அதிவேக ரயிலுக்கு அடிக்கல் நாட்டியபோது அவர் மேடையில் இல்லை. விதிமுறைப்படி ஆவணங்கள் வராமல் அனுமதி தர மாட்டேன் என்று நின்றார். அதே ஆண்டு ஜூலையில் அமைச்சர் பதவி போனது. அடிக்கல் நாட்டிய வாலினியில் நிலையமே கட்டப்படவில்லை. அவர் தூக்கி நிறுத்திய அதே ரயில்வே நிறுவனத்தின் தலையில்தான், கூட்டமைப்பின் பெரும் பங்குதாரர் என்ற முறையில், இந்த நட்டமும் வந்து விழுந்தது. இந்தக் கதையில் என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான்.

தொடக்கத்திலேயே கணக்கு வழுக்கிவிட்டது. 2015-ல் ஜப்பானும் சீனாவும் இந்த ஒப்பந்தத்துக்காகப் போட்டி போட்டன. ஜப்பான் 0.1 சதவீத வட்டிக்குக் கடன் தருவதாகச் சொன்னது, ஆனால் அரசு உத்தரவாதம் கேட்டது. சீனா 2 சதவீதம் கேட்டது, உத்தரவாதம் வேண்டாம் என்றது. மக்கள் வரிப்பணம் ஒரு ருபியாகூடப் போகாது என்று சொல்லிச் சீனாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021-ல் செலவு எகிறியதும் விதியை மாற்றி, பட்ஜெட் பணத்தைப் போட வழி செய்தார்கள்.

முன்னாள் அதிபர் ஜோகோ விடோடோ இதற்குச் சொல்லும் பதிலையும் தள்ளிவிட முடியாது. பொதுப் போக்குவரத்தை லாபநட்டக் கணக்கில் பார்க்கக் கூடாது, சமூகத்துக்குக் கிடைக்கும் பலனைப் பார்க்க வேண்டும் என்கிறார். உண்மைதான். பல நாடுகளில் நகரப் பேருந்து லாபத்துக்காக ஓடுவதில்லை. ஆனால் அந்தப் பலன் யாருக்குப் போகிறது என்றும் கேட்டாக வேண்டும். ஒருவழிக்குச் சுமார் 2 லட்சம் ருபியா கொடுத்துப் போகிறவர் ஜாவாவின் தொழிற்சாலைக் கூலித் தொழிலாளி அல்ல.

ஏழை நாடு இதைச் செய்யவே கூடாது என்று யாராவது சொன்னால், ஜப்பானின் முதல் புல்லட் ரயில் ஓடத் தொடங்கிய 1964-ஐ நினைவூட்ட வேண்டும். டோக்கியோ - ஒசாகா இடையிலான அந்த ஷின்கான்சென் பாதைக்கு ஜப்பான் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கிய ஆண்டு 1961. போர் முடிந்து பதினாறே ஆண்டுகள். இன்று நாம் வாங்குவதைப் போலவே அன்று அவர்களும் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். செலவு மதிப்பீட்டைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. திட்டத்தின் மூலகர்த்தாவான ரயில்வே தலைவர் ஷிஞ்சி சோகோ 1963-ல் பதவி விலகினார். தொடக்க விழாவுக்கு அவரை அழைக்கவும் இல்லை. ஆனாலும் ரயில் ஜெயித்தது. பழைய டோகாய்டோ பாதை ஜப்பான் ரயில்வேயின் நீளத்தில் மிகச் சிறிய பங்கு. நாட்டின் ரயில் பயணத்திலும் சரக்கிலும் கிட்டத்தட்ட கால் பங்கை அது சுமந்தது. அதில் இன்னொரு ரயிலை நுழைக்க இடமே இல்லை. எப்படியும் புதுப் பாதை போட்டே ஆக வேண்டும். போடுவதை வேகமான பாதையாகப் போட்டார்கள்.

என் கட்சியும் இதுதான். அதிவேக ரயிலின் முதல் பயன், நிரம்பி வழியும் பழைய பாதைக்கு மூச்சுவிட இடம் தருவது. அந்த நெருக்கடி இல்லாத இடத்தில், வேகத்துக்காக மட்டும் போடும் பாதை கடனைத்தான் தரும்.

மொராக்கோ இதைப் புரிந்துகொண்ட நாடு. 2018 நவம்பரில் அங்கே ‘அல் போராக்’ ஓடத் தொடங்கியது. தாஞ்சியரிலிருந்து காசாபிளாங்கா 323 கிலோமீட்டர். ஆனால் அவ்வளவு தூரத்துக்கும் அதிவேகப் பாதை போடவில்லை. தாஞ்சியர் முதல் கெனித்ரா வரை, 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு மட்டும் புதுப் பாதை. அதில் மணிக்கு 320 கிலோமீட்டர். கெனித்ராவுக்கு அப்பால் அதே ரயில் பழைய வழித்தடத்திலேயே, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ரபாத்துக்குள்ளும் காசாபிளாங்காவுக்குள்ளும் போகிறது. இரண்டு பாதைக்கும் ஒரே கேஜ் (தண்டவாள இடைவெளி) என்பதால் இது முடிந்தது. நாலே முக்கால் மணி நேரப் பயணம் இரண்டு மணி பத்து நிமிடமானது. யாரும் நடுவழியில் இறங்கி வண்டி மாற வேண்டியதில்லை. செலவு சுமார் 200 கோடி யூரோ. புதுப் பாதையின் நீளத்தோடு வகுத்தால், கிலோமீட்டருக்கு ஜகார்த்தாவில் ஆனதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். மராகேஷ் வரை பாதையை நீட்டும் வேலையை 2025-ல் தொடங்கியிருக்கிறார்கள்.

சீனாவைக் காட்டி வாதாடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 2008-ல் பெய்ஜிங் - தியான்ஜின் பாதை திறப்பதற்கு முன்னால், 1997 முதல் 2007 வரை ஆறு சுற்றுகளாகப் பழைய பாதைகளின் வேகத்தை அவர்கள் கூட்டினார்கள். வளைவுகளை நேராக்கி, சிக்னலை மாற்றி, முக்கிய வழித்தடங்களில் மணிக்கு 160, சில இடங்களில் 200 என்று கொண்டுவந்தார்கள். ரயில்வே ஊழியர்களும் பொறியாளர்களும் வேகமான ரயிலைப் பத்து ஆண்டு ஓட்டிப் பழகிய பிறகுதான் 350-க்குப் போனார்கள். அப்படியும் 2011-ல் வென்ஜோ அருகே சிக்னல் கோளாறால் இரண்டு ரயில்கள் மோதி 40 பேர் இறந்தார்கள்.

இனி நம் கதை. மும்பை - அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டியது 2017 செப்டம்பரில். 508 கிலோமீட்டர், அப்போது போட்ட மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பான் கடன், 0.1 சதவீத வட்டி, 50 ஆண்டுத் தவணை. கடனின் நிபந்தனையில் ஜகார்த்தாவைவிட நாம் எவ்வளவோ மேல். மும்பையும் அகமதாபாத்தும் போக்குவரத்து நெருக்கடி மிகுந்த வழித்தடத்தில் இருப்பவை; அகமதாபாத்தில் புது நிலையம் பழைய நிலையத்தோடு சேர்ந்தே வருகிறது. இந்தப் பாதையைப் பாதியில் நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2022-ல் ஓட வேண்டிய ரயில் இன்னும் ஓடவில்லை. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், புல்லட் ரயிலின் பாதை 1,435 மில்லிமீட்டர். மொராக்கோ செய்ததுபோல் பழைய பாதையில் ஏறி ஊருக்குள் நுழைய இதனால் வழியே இல்லை. ஒவ்வொரு நகரத்திலும் நடுவில் புதிதாக இடம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் நிலையம் ஊருக்கு வெளியே போகும்.

மறுபக்கம் பாருங்கள். பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் நம் ஆட்கள் செய்த வந்தே பாரத், சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர் தொட்டது. அதே ரயில் 2023-ல் சென்னை எழும்பூர் - திருநெல்வேலிக்கு வந்தபோது, 653 கிலோமீட்டருக்கு எடுத்துக்கொண்ட நேரம் 7 மணி 50 நிமிடம். சராசரி 83. குறை ரயிலில் இல்லை. வளைவுகள், பழைய சிக்னல், முன்னால் போகும் சரக்கு ரயில், ஒதுங்க இடமில்லாத தண்டவாளம் எல்லாம் சேர்ந்துதான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. வடக்கே சரக்கு ரயில்களுக்கென்று 1,337 கிலோமீட்டரில் கிழக்குத் தடமும், 1,506 கிலோமீட்டரில் மேற்குத் தடமும் தனியாகத் திட்டமிட்டுப் போட்டார்கள். தெற்கில் அப்படி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

பழைய பாதைகளில் பணம் போட வேண்டியது வேகத்துக்காக மட்டுமல்ல. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே சிக்னல் இணைப்பில் நடந்த தவறால், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலை தேடித் தெற்கே வந்த இளைஞர்கள் பலர், அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றுகொண்டே வந்தவர்கள். அவர்கள் கேட்டது உட்கார ஓர் இடமும் ஊர் போய்ச்சேரும் நிச்சயமும்தான்.

சென்னை - பெங்களூரு - மைசூரு அதிவேகப் பாதை ஆய்வுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த வழித்தடத்தில் நெருக்கடி நிஜமானது. நிலையங்கள் ஊருக்கு நடுவில் வருமானால், கடனை யார் அடைப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், அதை நான் ஆதரிப்பேன். அதுவரை அடுத்த ஆயிரம் கோடி போக வேண்டிய இடம் வேறு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு அனுமதி கிடைத்தது 2006-07 பட்ஜெட்டில். அந்தப் பாதையில் இன்னும் ஒரு ரயில்கூட ஓடவில்லை.