வீட்டுத் தீப்பாதுகாப்பு: எதற்கு முதலில் செலவிடுவது?

வீட்டுக்குத் தீப்பாதுகாப்புக் கருவி வாங்க வேண்டும் என்றதும் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது அலுவலகச் சுவர்களிலும் திரையரங்குகளிலும் மாட்டப்பட்டிருக்கும் சிவப்பு நிறத் தீயணைப்பான்தான். அதன் விலையைக் கேட்டுவிட்டு, இது நமக்கு எட்டாத செலவு என்று அந்த எண்ணத்தையே கைவிடுவோர் ஒருபுறம் இருக்க, அதை வாங்கி மாட்டிவிட்டு அடுப்புக்குக் கீழே வெடிப்பு விட்டிருக்கும் ரப்பர் டியூபைப் பல ஆண்டுகளாக மாற்றாமல் இருப்போரும் இருக்கின்றனர். இரு தரப்பினரும் செலவின் வரிசையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள். தீ பிறக்கும் இடத்தைச் சீர்செய்வதற்கே முதல் பணம் போக வேண்டும். தீயைக் காலத்தில் அறிவிக்கும் கருவிக்கு அடுத்த பணம். அணைக்கும் கருவி அதற்கும் பிறகே. இந்த வரிசையில் முதலில் நிற்பவையே விலையிலும் குறைந்தவை என்பது எளிய குடும்பங்களுக்குச் சாதகமான செய்தி.

தமிழ்நாட்டு வீடுகளில் தீ பிறக்கும் இடங்களுள் முதன்மையானது சமையலறை. அங்கே இருக்கும் 14.2 கிலோ சிலிண்டரில் அடைக்கப்பட்டிருப்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் கலவையாகும். அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்ட இக்கலவைக்கு இயல்பில் மணமில்லை என்பதால், கசிவை மூக்கு உணரும்படி எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருள் மிகச் சிறிய அளவில் அதில் சேர்க்கப்படுகிறது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே கசியும் வாயு மேலெழுந்து சன்னல் வழியே வெளியேறாமல், தரையோரமாகப் படர்ந்து மேடைக்கு அடியிலும் அலமாரி மூலைகளிலும் தேங்குகிறது. காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு அளவுக்கு அது கலந்துவிட்டாலே ஒரு சிறு பொறி போதும். குளிர்பதனப் பெட்டி தானாக இயங்கத் தொடங்கும்போது அதன் மின்தொடர்பில் எழும் பொறிகூட அதற்குப் போதுமானது. கசிவு மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வீட்டை விட்டு வெளியேறிய பிறகு 1906 என்னும் எரிவாயு அவசர உதவி எண்ணை அழைப்பதுதான் முறை.

இக்கசிவுக்கு மிக எளிதாக இடம் கொடுப்பது சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் டியூப். எரிவாயு முகவர்கள் ‘சுரக்ஷா’ என்ற பெயரில் விற்கும் ஆரஞ்சு நிற டியூபில் ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே எஃகுக் கம்பி பின்னப்பட்டிருப்பதால், பழைய சாதாரண ரப்பர் டியூபைப்போல எலிப் பல்லுக்கும் உராய்வுக்கும் அது எளிதில் இடம் தருவதில்லை. அதையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். சமையலறை வெப்பத்தில் ரப்பர் மெல்ல மெல்ல இறுகி வெடிப்பு விடுவதே காரணம். விலையோ சில நூறு ரூபாய்க்குள் அடங்குவது. வீட்டுத் தீப்பாதுகாப்புக்கென ஒரு குடும்பம் செய்யக்கூடிய செலவுகளுள் இதைவிடப் பயன் மிகுந்தது வேறொன்றில்லை. டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. அடுப்பின் பின்புறமாகச் சுற்றிச் செல்லவும் கூடாது. அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று அதன்மேல் துணியோ பிளாஸ்டிக் உறையோ சுற்றுவது பல வீடுகளில் காணப்படும் வழக்கம். வெடிப்பு கண்ணில் படாமல் மறைந்துபோவதால் அந்த அக்கறையே ஆபத்தாக முடிகிறது.

காசு செலவில்லாத சோதனைகளும் சில இருக்கின்றன. சிலிண்டரின் கழுத்துப் பகுதியில், கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளுள் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டையும், பி, சி, டி ஆகியவை அடுத்தடுத்த காலாண்டுகளையும் குறிக்க, இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கின்றன. பி-27 என்றிருந்தால், 2027 ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குச் சென்றாக வேண்டும் என்பது பொருள். காலம் கடந்த சிலிண்டரை வாங்க மறுக்கலாம். சிலிண்டரின் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தோ கிழிந்தோ போயிருந்தாலும் கசிவு ஏற்படும் என்பதால், சிலிண்டரைக் கொண்டு வருபவர் மூடியைக் கழற்றிச் சோதித்துக் காட்டிய பிறகே அவரை அனுப்ப வேண்டும். இணைப்புகளில் கசிவு உண்டா என்று பார்க்கச் சோப்பு நுரையைத் தடவினாலே போதும், குமிழி காட்டிக் கொடுத்துவிடும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் நீடிப்பது வருத்தத்துக்குரியது.

கையில் இன்னும் சிறிது பணம் இருப்பவர்கள் எரிவாயுக் கசிவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியை வாங்கலாம். மோப்பத்திறன் குறைந்த முதியோர் இருக்கும் வீடுகளில் இது மிகவும் பயன்படும். ஆனால் இதை எங்கே பொருத்துவது என்பதில்தான் பலர் தவறிவிடுகின்றனர். சிலிண்டர் வாயு தரையோரம் தேங்குவது என்பதால் கருவியும் தரையிலிருந்து ஏறத்தாழ ஓரடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று மேலே மாட்டினால், அது ஒலிக்கத் தொடங்கும்போது அறை ஏற்கெனவே வாயுவால் நிறைந்திருக்கும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. அத்தகைய வீடுகளுக்கு இந்த விதி தலைகீழாகி, கருவி கூரையோரம் இருக்க வேண்டும்.

சமையலறைக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது மின்சாரம். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது கம்பி சூடேறித் தீப்பற்றுவதற்கு முன்பே இணைப்பைத் துண்டித்துவிடும் தானியங்கிச் சுவிட்சை எம்.சி.பி. என்பர். பழைய வீடுகளில் இதே பணியைச் செய்துவந்தது ஃபியூஸ் கட்டையில் மாட்டப்படும் மெல்லிய கம்பி. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அங்கே தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது காவல்காரனை உறங்க வைப்பதற்குச் சமம். எம்.சி.பி.யுடன் சேர்த்து வாங்க வேண்டியது ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது பொருத்தம். மின்னதிர்ச்சியிலிருந்து உயிர் காப்பது அதன் முதன்மைப் பணி என்றாலும், ஈரம் ஊறிய சுவர்களிலும் காப்புறை நைந்த கம்பிகளிலும் நிகழும் கசிவால் மூளும் தீயையும் அது பெருமளவு தடுக்கிறது.

இவ்விரண்டுமே தடுக்க இயலாதது தளர்ந்துபோன இணைப்பு. பிளக் சூடாவதும், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறுவதும், கருகல் வாடை வருவதும் அதற்கான அறிகுறிகள். இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும்: 2000 வாட் மின்காந்த அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது; சாதாரணச் சிறிய பிளக் துளையோ 6 ஆம்பியருக்கு மட்டுமே செய்யப்பட்டது. அந்த அடுப்பை 16 ஆம்பியர் பிளக் துளையில் மாட்டாமல் மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவோர், நாள்தோறும் சமைக்கும் நேரமெல்லாம் அதன் இணைப்புகளைச் சுட்டுக்கொண்டிருக்கின்றனர். எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு 16 ஆம்பியர் பிளக் துளை வைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு.

தீ மூண்டுவிட்ட பிறகு பயன்படுபவற்றுள்ளும் முதலிடம் விலையில்லாப் பொருள்களுக்கே. வாணலி எண்ணெய் ஏறத்தாழ 350 பாகை செல்சியஸைத் தாண்டும்போது தானாகவே தீப்பற்றக்கூடும். அப்போது அதில் தண்ணீர் ஊற்றினால், எண்ணெயைவிட அடர்த்தி மிகுந்த நீர் அடியில் இறங்கி, நொடியில் ஏறத்தாழ 1700 மடங்கு பருமனுள்ள ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயை அறை முழுவதும் வீசியெறிகிறது. வாணலியின் வாயை முழுதாக மூடும் ஒரு தட்டையான மூடி அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் போதும். அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, எண்ணெய் நன்றாக ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். கண்ணாடியிழையால் நெய்யப்பட்ட தீப்போர்வையும் காற்றைத் தடுக்கும் இதே வேலையைச் செய்கிறது. ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குறையாத போர்வையை, இழுத்தவுடன் விரியும்படி சமையலறை வாசலருகே தொங்கவிட்டால், உடுத்திய சேலையில் தீப்பற்றியவரைச் சுற்றவும் அது உதவும். துணி, மரம், காகிதம் ஆகியவை எரியும்போதோ வாளித் தண்ணீரை மிஞ்சிய மருந்தில்லை. ஆனால் அங்கே மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.

புகை எச்சரிக்கைக் கருவி நம் வீடுகளில் பரவாமைக்கு ஒரு காரணம் உண்டு: தாளிப்பு, சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி என நாள்தோறும் புகை சூழும் வீட்டில் அது ஓயாமல் அலறும் என்ற எண்ணம். அந்த எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஒளிக்கற்றை புகைத்துகளில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு இயங்கும் ஒளியியல் வகைக் கருவியைத் தேர்ந்தெடுத்து, சமையலறையிலும் பூசையறையிலும் வைக்காமல் படுக்கையறை வாசலின் கூரையில் பொருத்தினால் வீண் அலறல் வெகுவாகக் குறையும். மெத்தை, பருத்தித் துணி, மின்கம்பி உறை ஆகியவை சுவாலையின்றிப் புகைந்து எரியும் தீயை இந்த வகை விரைவில் உணர்கிறது. உறக்கத்தில் மூக்கு வேலை செய்யாது. காது வேலை செய்யும். நச்சுப்புகையால் மயங்கி, விழிக்காமலேயே இறந்துபோகும் நிலையிலிருந்து மக்களைக் காப்பது இந்தச் சிறு கருவிதான். ஆகவே இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க இயலும் என்றால், தீயணைப்பானைவிட இதையே முதலில் வாங்குவது அறிவுடைமை.

இனித் தீயணைப்பான். வீட்டுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது ஏ.பி.சி. பொடி வகை: ஏ என்பது மரம், துணி போன்ற திடப்பொருள்களின் தீயையும், பி என்பது எரியும் நீர்மங்களின் தீயையும், சி என்பது வாயுக்களின் தீயையும் குறிக்கும். இதன் பொடியில் முதன்மையாக உள்ள மோனோ அம்மோனியம் பாஸ்பேட் சூட்டில் உருகி, எரியும் பரப்பின்மீது படலமாகப் படிகிறது. விலை குறைவாக இருக்கும் கருவிகளில் இந்த வேதிப்பொருளின் விகிதமும் பெரும்பாலும் குறைவு, உறையில் எம்.ஏ.பி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 50, 90 போன்ற எண்கள் அந்த விழுக்காட்டைக் காட்டுவன. ஒரே எடையுள்ள இரண்டு கருவிகளின் விலை ஏன் வேறுபடுகிறது என்று கடையில் குழம்புவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். ஆழமான எண்ணெய்த் தீக்கு இந்தப் பொடி அவ்வளவு ஏற்றதன்று. அது சுவாலையை அடக்கினாலும் எண்ணெயைக் குளிர்விப்பதில்லை என்பதால் தீ மீண்டும் பற்றக்கூடும். சமையல் எண்ணெய்க்கென ஈரவேதி வகை தனியாக உண்டு, விலை கூடுதல். பொடி, வாயு என எந்த வகையைக் கொண்டும் சிலிண்டர் வாயில் எரியும் சுவாலையை, வாயுவை மூட வழியில்லாத நிலையில் அணைக்க முற்படக் கூடாது. எரியாத வாயு அறையில் சேர்ந்து பிறகு வெடிக்கும்.

ஒரு கிலோ கருவி ஏறத்தாழ 10 வினாடிகளுக்குள் காலியாகிவிடும் என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். தூக்க முடிந்தவர்கள் இரண்டு கிலோ வாங்குவது நல்லது. ஊசியை உருவி, முனையைச் சுவாலையின் அடிப்பகுதிக்குக் காட்டி, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். வெளியேறும் வாசல் முதுகுப்புறம் இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே அதை மாட்டிவைத்தால் தீ எழும்போது கை அதை எட்டாது. சமையலறைக்கு வெளியே, வாசலை ஒட்டியே அதன் இடம். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். ஒருமுறை சிறிதளவே அழுத்திப் பார்த்தாலும் அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும் என்பதால், அதன்பின் மறுநிரப்பல் கட்டாயம்.

எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. உண்மையான முத்திரையின் மேலே தர எண் இருக்கும். தீயணைப்பானுக்கு அது ஐ.எஸ். 15683. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். பழைய கருவிக்குப் புதுச் சாயம் பூசி விற்பதை இந்தச் சோதனை காட்டாது என்பதால், உற்பத்தி ஆண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளின் பட்டியலில் சேராத ஒரு பொருள் எஞ்சியிருக்கிறது. திருட்டுக்கு அஞ்சிச் சன்னல்களுக்கெல்லாம் அசையாத இரும்புக் கம்பி பொருத்தி, இரவில் கம்பிக் கதவையும் பூட்டி, சாவியைப் பீரோவில் வைத்துவிட்டு உறங்கும் வீடுகள் நம் நகரங்களில் ஏராளம். புகை நிறைந்த இருளில் அந்தச் சாவியைத் தேடுவது இயலாத செயல். சாவிக்கு வாசலருகே, வெளியிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில் ஓர் ஆணி அடித்து, அது வீட்டிலுள்ள சிறுவர்கள் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்கும்படி செய்தால் செலவேதும் இல்லை; உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் பூட்டை மாட்டினால் சிறு செலவு. தீ கருவிக்கு அடங்காது என்று தெரிந்த நொடியில் அந்த வாசல் வழியே அனைவரும் வெளியேறிவிட வேண்டும். 101 அல்லது 112 என்ற எண்ணை வெளியில் நின்றுதான் அழைக்க வேண்டும்.