சோதனைகளை இயற்றும் இயந்திரம்



1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து 'ஏரியான் 5' என்னும் ராக்கெட்டு தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 40 விநாடிகளில் அது வானிலேயே சிதறிப் போயிற்று. ஆள் எவரும் அதில் இல்லை. ஆனால் அது சுமந்து சென்ற நான்கு ஆராய்ச்சித் துணைக்கோள்கள் அழிந்தன.

இயந்திரம் பழுதுபடவில்லை. முந்திய 'ஏரியான் 4'இல் செவ்வனே உழைத்த மென்பொருளின் ஒரு பகுதியே அதனைக் கவிழ்த்தது. புதிய ராக்கெட்டு பக்கவாட்டில் மிக விரைவாக வேகம் பெற்றது. அவ்வேகத்தைச் சார்ந்த எண்ணொன்று, 32,767க்கு மேல் கொள்ளாத இடத்தில் அடங்கவில்லை. துணைக்கு வைத்த மற்றொரு கணிப்பொறியிலும் அதே மென்பொருள். ஆகவே அதே முடிவு.

சோதிக்காமலா விட்டார்கள்? பல சோதனைகள் நடந்தன. ஆனால் அந்தப் பகுதியைப் புதிய ராக்கெட்டின் பாதையைக் கொண்டு எவரும் சோதிக்கவில்லை. மனிதன் தான் நினைத்துப் பார்த்ததையே சோதிக்கிறான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

இக்குறையைப் போக்க அறிஞர்கள் கண்ட வழிகளுள் ஒன்றை எளிய உதாரணத்தால் விளக்குகிறேன். இரட்டைப் பாதையுள்ள ரயில்வே கேட் ஒன்றை எண்ணுங்கள். கேட்டுக்குத் திறந்தது, மூடுவது, மூடியது, திறப்பது என நான்கு நிலைகள். கைகாட்டிக்குச் சிவப்பு, பச்சை என இரண்டு. ஒவ்வொரு பாதையிலும் வண்டி இருக்கலாம், இல்லாதிருக்கலாம். பெருக்கினால் 32 சேர்க்கைகள். எந்த நிலையிலிருந்து எதற்கு மாறலாம் என்பதை வரைந்துவிட்டால், அதுவே மாதிரி. கணிப்பொறி அம்மாதிரியின் வழிகளில் ஒன்றுவிடாமல் நடந்து, ஒவ்வொன்றையும் ஒரு சோதனையாக எழுதுகிறது. "கேட் திறந்துகொண்டிருக்கையில் மறு பாதையில் வண்டி வந்தால்?" என்று, நாம் மறந்த கேள்வியையும் அது கேட்கும், வரவேண்டிய விடையையும் மாதிரியிலிருந்தே தரும். மென்பொருளின் விடை வேறானால் பிழை வெளிப்படும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பழைய ராக்கெட்டின் பாதையையே மாதிரியில் வரைந்திருந்தால், ஆயிரம் சோதனைகள் இயற்றினாலும் அனைத்தும் தேறியிருக்கும், ராக்கெட்டும் சிதறியிருக்கும். வழிகளை எண்ணும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். உலகை உள்ளவாறு வரைந்து கொடுக்கும் பொறுப்போ நம்முடையது. நாளை இத்துறையில் புகவிருக்கும் நீங்கள் இதனை மறவாதிருக்க வேண்டுகிறேன்.